ஆயாவின் பெயருக்கு முன்னால் என்ன எழுதுவது?

"தியாகச் சுடர்னு போடலாம்" என்றார் அப்பா.

2009 தை மாதம். ஆயாவின் கருமாதிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அச்சாபீஸ் பையன் நோட்டு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் ஏற்கனவே அடித்த போஸ்டர் மாதிரிகள் இருந்தன. அன்பு மனைவி, பாசமிகு தாய், ஆசைப் பாட்டி. செத்துப்போன எல்லாப் பொம்பளைக்கும் அந்த மூன்று வரிதான், பெயரையும் போட்டோவையும் மாற்றினால் போதும். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் இயக்கத்துக்காரர், மேடையேறிப் பேசுகிறவர். ஊரில் எல்லாருக்கும் போடுகிற வார்த்தையைத் தன்னைப் பெற்றவளுக்கும் போடுவதா? அதனால்தான் தியாகச் சுடர்.

அடுப்பங்கரையிலிருந்து அத்தை வந்தது. கையில் கரண்டி.

"எங்கம்மா என்னாத்தத் தியாகம் பண்ணுச்சி? நீங்க யாராச்சும் கேட்டு அது குடுத்துச்சா? கேக்காம எடுத்துக்கினீங்க. எடுத்துக்கினவங்களே அதுக்குப் பேரும் வெக்கிறீங்களா?"

அச்சாபீஸ் பையன் பேனாவை மூடினான். அப்பா ஒன்றும் பேசவில்லை. அத்தை கேட்ட கேள்விக்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் நேரான பதில் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதை வைத்துக்கொண்டு அல்லாடுகிறேன். ஒருத்தரிடமிருந்து பறித்துக்கொண்டதை அவர் கொடுத்ததாகச் சொல்லிப் புகழ்வது நன்றியா, இல்லை இரண்டாவது தடவை பறிப்பதா?

1916 மே மாதத்தில், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கருத்தரங்கு ஒன்றில் அம்பேத்கர் படித்த கட்டுரை 'இந்தியாவில் சாதிகள்'. உடன்கட்டை ஏற்றுவது, விதவைக்கு மறுமணத்தை மறுப்பது, சிறுமிகளைக் கட்டிக்கொடுப்பது ஆகிய மூன்றும் சாதியின் அகமண வேலியைக் காப்பாற்றக் கண்டுபிடிக்கப்பட்ட உபாயங்கள் என்று அதில் காட்டினார். நம்முடைய கூட்டங்களில் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். அதே கட்டுரையில் இன்னொன்றும் சொல்கிறார். புகழப்பட்டதால் இந்த வழக்கங்கள் நடைமுறைக்கு வரவில்லை. நடைமுறையில் இருந்ததால்தான் புகழப்பட்டன. காரியம் முதலில் நடந்துவிடுகிறது. அதை உயர்த்திப் பேசும் தத்துவம் பின்னால் வந்து சேருகிறது. எரித்தது முந்தி, பத்தினி என்று கோயில் கட்டியது பிந்தி.

அத்தை அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. அஞ்சாங்கிளாஸோடு நின்ற பள்ளிக்கூடம் அது. ஆனால் கரண்டியோடு நின்று அது கேட்டது அதே கேள்விதான்.

இதில் எனக்கு இன்னொரு சங்கடம். உடன்கட்டை நம்முடையது இல்லை. நம்ம சனத்தில் அறுத்துக் கட்டுகிற வழக்கம் உண்டு. புருஷன் சரியில்லை என்றால் தீர்த்துவிட்டு வந்த பொம்பளைகள் எங்கள் காலனியிலேயே மூன்று பேர். வீட்டுக்குள் அடைந்து கிடந்தவள் இல்லை ஆயா. ஆண்டை வீட்டுக் கொட்டகையில் சாணி வாரி, கழனியில் நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்து, களத்தில் தூற்றிக் கூலி வாங்கியவள். அப்படிப்பட்டவளுக்கு தியாகச் சுடர் என்ற சொல் எந்த வீட்டிலிருந்து வந்தது? படி ஏறக்கூடாது என்று நம்மை நிறுத்தி வைத்த வீட்டிலிருந்துதான். அந்த வீட்டுக்குள் நம்மை விடாதவர்கள், வீட்டுச் சொல்லை மட்டும் நம் வாயில் விட்டிருக்கிறார்கள்.

ஆயாவின் வயசு யாருக்கும் தெரியாது. வாக்காளர் அட்டையில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்டபோது, வயசு பத்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். "பல்லு பூரா கொட்டிப் போச்சே, வாயத் தொறந்து காட்டட்டுமா?" என்று ஆபீஸிலேயே கேட்டுவிட்டு வந்தது. கடைசிவரை அந்தப் பணம் வரவில்லை. எல்லாக் காகிதத்திலும் பெயருக்குப் பின்னால் க/பெ என்று தாத்தா பெயர் இருந்தது. தாத்தா பேரில் வீட்டு மனைப் பட்டா, தாத்தா பேரில் ரேஷன் கார்டு. சுவர் வைத்தது இரண்டு பேரும் சேர்ந்து. மண் மிதித்துக் கொடுத்தது முழுக்க ஆயாதான் என்று தாத்தாவே சொல்வார்.

பதினான்காம் நூற்றாண்டு மராட்டிய மண்ணில் சொக்காமேளா என்று ஒரு மகார் பக்தர் இருந்தார். பண்டரிபுரம் கோயிலுக்குள் அவரை விடவில்லை. செத்த பிறகு சமாதியும் வாசல் படிக்கருகே வெளியில்தான். அவர் மனைவி சோயராபாயும் அபங்கங்கள் பாடியவர். பிறப்பிலேயே எல்லா உடம்போடும் ஒட்டி வருகிற தீட்டில் எந்த உடம்பு சுத்தம் என்று கேட்டவர். அவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்டவர் தன் பாட்டில் கையெழுத்துப்போல வைத்தது என்ன தெரியுமா? சொக்காவின் மகாரி. அதுவும் க/பெ தான். அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் காகிதம் மாறவில்லை.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் நான் சுலபமாக முடித்துவிடலாம். மனைவி, தாய், பாட்டி மூன்றும் விலங்கு. அந்த மூன்றையும் கழற்றிவிட்டு அவளை ஒரு தனி மனுஷியாக நினைப்போம் என்று. நிறையப் பெண்ணியக் கட்டுரைகள் அங்கேதான் போய் நிற்கின்றன. ஆனால் ஆயாவின் வாழ்க்கை அதற்குள் அடங்கவில்லை.

ஊருக்குள் ஆயாவுக்குப் பெயர் இருந்தது. அதுதான் பிரச்சினை. ஆண்டை வீட்டு ஏழு வயசுப் பையன் அறுபது வயசு ஆயாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். "ஏய், இங்க வா. இத அள்ளிப் போடு." அவன் அப்பனும் அப்படித்தான் கூப்பிட்டான், அவன் தாத்தனும் அப்படித்தான். தனி மனுஷியாக, உறவு ஒட்டாத வெறும் பெயராக ஆயா இருந்த இடம் அது ஒன்றுதான். வாய்க்கால் தாண்டிக் காலனிக்குள் காலை வைத்ததும் அது யாருக்கோ அக்கா, யாருக்கோ சின்னம்மா, யாருக்கோ ஆயா. மரியாதை என்ற ஒன்று அதற்குக் கிடைத்தது அந்த உறவுச் சொற்களில்தான். மேல்சாதிப் பெண்ணுக்கு 'அம்மா' என்ற சொல் அடைத்த கதவாக இருக்கலாம். அந்தச் சொல்லை யாரும் சொல்லாத தெருவில் நாள் பூரா நின்றுவிட்டு வருகிறவளுக்கு அது உட்காரக் கிடைத்த திண்ணை.

தலித் பெண்கள் வேறு மாதிரிப் பேசுகிறார்கள் என்று கோபால் குரு 1995இல் எழுதியது அப்போது பெரிய விவாதமானது. வெளியில் சாதி இந்துக்களின் ஆதிக்கம், உள்ளே நம்ம ஆம்பளைகளின் ஆதிக்கம், இரண்டையும் ஒரே வாயால் பேச வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். நான் இதோடு ஒன்றைச் சேர்ப்பேன். ஒரே சொல்லுக்குள்ளேயே இந்த இரண்டும் இருக்கிறது. 'ஆயா' என்று கூப்பிட்டுத்தான் நான் அதற்கு மரியாதை கொடுத்தேன். 'ஆயா, தண்ணி' என்று அதே சொல்லால்தான் முட்டி வலியோடு படுத்திருந்ததை எழுப்பி வேலையும் வாங்கினேன்.

ரமாபாய் அம்பேத்கரை நினைத்துக்கொள்கிறேன். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம். கணவர் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்த வருஷங்களில் பம்பாயில் வறுமையோடு மல்லுக்கட்டியவர். பெற்ற ஐந்து பிள்ளைகளில் நான்கைப் பறிகொடுத்தார். கடைசியாகப் போன ராஜரத்னா இறந்தது 1926இல். மிஞ்சியது யஷ்வந்த் ஒருவர்தான். பரேலில் தொழிலாளர் குடியிருப்பில் நெருக்கியடித்து வாழ்ந்துவிட்டு, தாதரில் கட்டிய ராஜகிருகம் வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம்தான். 1935 மே 27ஆம் தேதி இறந்துபோனார். பேரப்பிள்ளைகளை அவர் பார்க்கவில்லை. ஆனால் மகாராஷ்டிரத்துச் சேரிகளில் இன்றைக்கும் அவர் ரமாய், எல்லாருக்கும் தாய்.

அம்பேத்கர் வெளியிட்ட பாகிஸ்தான் பற்றிய நூலை ரமாபாயின் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார். நண்பர்கள் யாரும் இல்லாத, பற்றாக்குறையும் கவலையும் மண்டிய நாட்களில் தன்னோடு சேர்ந்து கஷ்டப்பட அவர் தயாராக இருந்ததை அதில் நன்றியோடு பதிந்திருக்கிறார். கணவன் எழுதிய காணிக்கைகளில் நேர்மையானது என்றுதான் அதைச் சொல்வேன். தியாகம் என்று பொத்தாம்பொதுவாகப் போடாமல், என்ன நாட்கள், என்ன கஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். கடன்பட்டவனின் குரல் அதில் இருக்கிறது.

இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. ரமாபாய் தனக்காக ஆசைப்பட்டதாக நமக்குத் தெரிந்த விஷயம் எது? பண்டரிபுரம் போக வேண்டும் என்று கேட்டார். அம்பேத்கர் மறுத்தார். தீண்டத்தகாதவளென்று தூரத்தில் நிறுத்தும் விட்டலனைப் பார்க்க எதற்குப் போக வேண்டும், நமக்கென்று வேறொரு பண்டரிபுரம் உண்டாக்குவோம் என்றார். அவர் சொன்னது சரி. அந்தக் கோயில் கதவு நமக்குத் திறந்ததே 1947இல், அதுவும் சானே குருஜி சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்த பிறகு. ரமாபாய் இறந்த ஐந்தாவது மாதம், 1935 அக்டோபர் 13ஆம் தேதி இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தார். அந்த மறுப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று நமக்குத் தெரியும், நாம் அதன் பலனில் நிற்கிறவர்கள். ஆனாலும், நமக்குத் தெரிந்த ஒரே ஆசை மறுக்கப்பட்ட ஆசையாகவே இருக்கிறது. சரியான காரணத்துக்காக மறுக்கப்பட்டாலும் அது ஆசைதானே. நாம் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அம்பேத்கரின் பதிலைத்தான் அழுத்திச் சொல்கிறோம். கேட்டவள் அதற்கப்புறம் என்ன நினைத்தாள் என்று ஒருத்தரும் நின்று கேட்பதில்லை.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்றால், இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

1992இல் 'கருக்கு', 1994இல் 'சங்கதி' என்று பாமாவின் புத்தகங்கள் வந்து, நாமும் எழுதலாம் என்று எங்களுக்கெல்லாம் கை ஊறிக்கொண்டிருந்த காலம். 1997இல் ஒரு சிறுபத்திரிகையில் ஆயாவைப் பற்றி எழுதினேன். ஆண்டை வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒதுங்கி நின்று கொட்டாங்கச்சியில் கூழ் வாங்கிக் குடித்ததை எழுதினேன். தோழர்கள் பாராட்டினார்கள். ஒரு கூட்டத்தில் அதை வாசிக்கச் சொன்னார்கள், வாசிக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது. ஊருக்குப் போனபோது தங்கச்சி அதை ஆயாவுக்குப் படித்துக் காட்டியிருந்தாள். ஆயா என்னிடம் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூணாம் நாள் வெற்றிலை இடித்துக்கொண்டே ஆரம்பித்தது.

"கொட்டாங்கச்சில குடிச்சத எழுதின. அது அவன் பண்ண அசிங்கம்டா. நான் பண்ணதுன்னு ஒண்ணும் இல்லியா? நடவுக்குப் போவாம புளிய மரத்தடில குந்தினோமே, அத ஏன் எழுதல?"

எனக்கு அது தெரியவே தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், சொன்னதில்லை.

1983. நடவுக் கூலி பொம்பளைகளுக்கு 4 ரூபாய். 6 கேட்டிருக்கிறார்கள். ஆண்டை தர மறுத்ததும் பொம்பளைகள் கழனியில் இறங்காமல் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் நாள் பக்கத்து ஊர்ச் சேரியிலிருந்து ஆண்டை ஆள் இறக்கினார். ஆயா ரோட்டில் போய் வழிமறித்தது. "சண்ட போடல. அவங்களும் நம்ம சனந்தானே. ஆளுக்கொரு வெத்தல மடிச்சிக் குடுத்தேன். இன்னிக்கி எங்க வவுத்துல அடிச்சிட்டுப் போனீங்கன்னா, நாளைக்கி உங்க வவுத்துல அடிக்க எங்களக் கூப்புடுவான், நாங்களும் வருவோம்னேன். திரும்பிப் போய்ட்டாளுங்க." அன்றைக்கு ராத்திரி தாத்தா அடித்திருக்கிறார், ஆண்டையைப் பகைத்துக்கொண்டாய் என்று. "உங்க தாத்தன் அடிச்சிட்டு அவனே எண்ணெயும் தடவி வுட்டான். காலைல மறுபடியும் போயி குந்தினேன்." நாலாம் நாள் 6 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார்கள்.

அப்பாவின் போஸ்டருக்கும் என் கட்டுரைக்கும் என்ன வித்தியாசம்? அவர் ஆயாவிடமிருந்து எடுத்ததைத் தியாகம் என்றார். நான் ஆயாவுக்கு இழைத்ததைத் துயரம் என்றேன். இரண்டிலும் ஆயா சும்மா நிற்கிறது. மற்றவர்கள்தான் எடுக்கிறார்கள், இழைக்கிறார்கள், எழுதுகிறார்கள். சாட்சியம் என்று நாம் சொல்கிற எழுத்தில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது. பேபி காம்ப்ளே தன் வாழ்க்கையை எழுதிவிட்டு, கணவருக்குப் பயந்து அந்தத் தாள்களை இருபது வருஷம் ஒளித்து வைத்திருந்தார். நாமோ நம் ஆயாக்களின் வாழ்க்கையை ஒரே வாரத்தில் எழுதி, கேட்காமலே அச்சுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

சரி, ஆயா செய்ததை எழுதுவது என்று முடிவு செய்தால், செய்த எல்லாவற்றையும்தானே எழுத வேண்டும்? இங்கேதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அத்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியது தாத்தா இல்லை. ஆயாதான். அத்தைதான் மூத்தது, அப்பாவைவிட நன்றாகப் படிக்கும் என்று அப்பாவே ஒத்துக்கொள்வார். அஞ்சாங்கிளாஸ் முடிந்த அன்றைக்கு ஆட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்திருக்கிறது ஆயா. மூக்குத்தியை அடகு வைத்து, அப்பாவுக்குத் தகரப் பெட்டியும் போர்வையும் வாங்கி ஆஸ்டலுக்கு அனுப்பியது. அப்பா படித்தார், வாத்தியார் ஆனார், நான் பிறந்தேன், இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அத்தை நடவுக்குப் போனது. ஒரு தடவை ஆயாவிடமே கேட்டேன். "ஒண்ணத்தான் படிக்க வெக்க முடிஞ்சிச்சி. ரெண்டுல ஒண்ணு" என்றது. அதற்குமேல் பேசாமல் வெற்றிலையை இடித்துக்கொண்டே இருந்தது. வெற்றிலை எப்போதோ மசிந்துபோயிருந்தது.

எடுத்துக்கினவங்களே பேரும் வெக்கிறீங்களா என்று அத்தை கேட்டது அப்பாவை மட்டும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. எங்கம்மாவுடையதை எடுத்தீர்கள், எங்கம்மா என்னுடையதை எடுத்து உங்களுக்குக் கொடுத்தது, அந்தக் கணக்கு எந்தப் போஸ்டரில் வரும் என்றும்தான் கேட்டிருக்கிறது. அதே அத்தைதான் ஆயா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் பீ மூத்திரம் அள்ளியது. அப்பா ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவார். சாவதற்குப் பத்து நாள் முன்னால், மீட்டு வைத்திருந்த அந்த மூக்குத்தியை ஆயா அத்தையின் கையில் வைத்து அழுத்தியது. மன்னிப்பு என்றோ வேறெதுவென்றோ ஆயா சொல்லவில்லை. அத்தை அதைப் போட்டுக்கொள்ளவும் இல்லை, விற்கவும் இல்லை. மஞ்சள்தூள் டப்பாவில் கிடக்கிறது.

செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். யார் சொன்ன சட்டம் இது? நம்ம ஒப்பாரியை உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்துக்கொண்டே செத்தவளைத் திட்டுவார்கள், என்னை இந்த வீட்டில் கொடுத்தாயே என்பார்கள், எதிரில் நிற்கும் அண்ணன் தம்பியைக் குத்திக் காட்டுவார்கள், அடுத்த வரியிலேயே தங்கமே என்று உருகுவார்கள். புகழ்ச்சியும் வழக்கும் ஒரே மூச்சில் வரும். யாரும் தடுக்க மாட்டார்கள், தடுக்கவும் கூடாது. ஆயாவுக்கு அத்தை ஒப்பாரி வைத்தபோது பள்ளிக்கூடமும் வந்தது, ஆட்டுக் கயிறும் வந்தது, புளிய மரமும் வந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு அழுதார். பத்து பன்னிரண்டு நாள் கழித்து அதே அப்பா தியாகச் சுடர் என்கிறார். ஒப்பாரியிடம் இருந்த நாணயம் போஸ்டருக்கு ஏன் இல்லை? போஸ்டர் ஊர் பார்க்க ஒட்டுவது. ஒப்பாரி நமக்குள் பாடுவது. ஊருக்கு முன்னால் நம் வீட்டு வழக்கைக் காட்டக்கூடாது என்ற பயம் அப்பாவுக்கு. அந்தப் பயம் நியாயமில்லாதது இல்லை. நம்மைக் கேவலப்படுத்தக் காத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் நிற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பயத்துக்கான விலையை எப்போதும் அத்தைகளே கொடுத்துக்கொண்டிருப்பது எந்த வகையில் விடுதலை?

தாத்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடித்தவர்தான். ஆயா போன பிறகு அவர் சோறு தின்னவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு, "அவ கையால போட்டாத்தான் எறங்கும்" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். "அடிச்ச கை இப்ப சோத்தத் தேடுதா" என்று அத்தை முகத்துக்கு நேராகவே கேட்டது. அவர் பதில் சொல்லவில்லை. அந்த அழுகை பொய் என்று என்னால் எழுத முடியாது. அந்த அழுகையால் அடித்தது இல்லாமல் போகும் என்றும் எழுத முடியாது. 'அன்பு மனைவி' என்ற இரண்டு வார்த்தைக்குள் இவ்வளவும் இருக்கிறது என்றால், அதை அச்சாபீஸ் பையன் மாதிரி நோட்டிலிருந்து எடுத்துப் போடுவது எப்படி?

கடைசியில் அத்தைதான் தீர்த்தது. "எங்கம்மா பேர மட்டும் போடு. பெருசாப் போடு. வேற ஒரு மண்ணும் வேணாம்." பையனுக்குக் குழப்பம். க/பெ? வேண்டாம். வயசு? தெரியாது. இரங்கல் தெரிவிப்பவர்கள்? வேண்டாம். போட்டோவுக்குக் கீழே பெயர், இறந்த தேதி, அவ்வளவுதான். காசு மட்டும் அதே காசுதான் வாங்கினான்.

அந்தப் பெயரை இங்கேயும் எழுதலாம் என்றுதான் இருந்தேன். இந்த முறை கேட்டுவிட்டு எழுதுவோம் என்று அத்தைக்குப் போன் போட்டேன். "ஊர்க்காரன் கூப்ட்டுக் கூப்ட்டுத் தேஞ்ச பேரு அது. நீயும் பத்திரிகையில போட்டுத் தேய்க்காத. புளிய மரத்த வேணா எழுது" என்றது.

கருமாதியன்று காலையில் போஸ்டரைக் காலனி முனையிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டினோம். தாத்தா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து முன்னால் நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னா போட்டிருக்கு?" என்றார். பெயரைப் படித்துக் காட்டினேன்.

"அவ்ளோதானா? எம் பேரு எங்க?"

அத்தை அப்போது போஸ்டரின் கீழ் மூலைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.